புரட்டாசியில் மீன் வாடை

செப்டம்பர் 15, திங்கள்

பாலில் இன்றும் தண்ணீர். அடுப்பில் ஏற்றும் முன்பே முகர்ந்து சொல்லிவிட்டேன். "உங்க மூக்கு இருக்கிற வீட்டுல நாய் வளக்கிறதே தண்டங்க" என்றாள் என் மனைவி சுந்தரி. சொல்லட்டும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக முப்பது வருடம் ஓட்டியவன் நான். எவன் தூங்குகிறான், எவன் தூங்குவதுபோல் நடிக்கிறான் என்று படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும். ஓய்வு பெற்றபோது வேலைதான் போயிற்று, மூக்கு போகவில்லை.

காலையில் எங்கள் நாய் முசேயை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை டாக்டர் நிலவனிடம் கொண்டுபோனோம். முன்னங்காலில் வீக்கம், ஆடியிலிருந்தே. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் புற்றாம். நெஞ்சுப் படத்திலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

"வயசும் பன்னெண்டு ஆயிடுச்சு சார். காலை எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. ரொம்பக் கஷ்டப்படறதுக்குள்ள தூங்க வெச்சுடலாம். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் வலிக்கு மாத்திரை தரேன்."

தூங்க வைப்பதாம். தாலாட்டுப் பாடியா?

நான் வாயைத் திறப்பதற்குள் சுந்தரி தலையாட்டினாள். அவள் முகத்தில் திடுக்கிடலே இல்லை. முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவள் முகம் அது. எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசியிருக்கிறாளா?

செப்டம்பர் 16, செவ்வாய்

இட்லிக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்தேன். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான். கடைசியில் வாயைப் பிளந்து தொண்டையில் போட வேண்டியிருந்தது. அதன்பிறகு பகல் முழுக்கத் துணிமூட்டை மாதிரிக் கிடந்தான். கூப்பிட்டால் காது மட்டும் லேசாக அசைந்தது.

புரிந்துவிட்டது. ஊசிக்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று தெரிந்து, மாத்திரையிலேயே மெல்ல மெல்ல முடிக்கப் பார்க்கிறார்கள். மிச்சத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி இதை யாரும் அவன் வாயில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"வலிக்குதுங்க அதுக்கு."

எனக்குத் தெரியாதா?

பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். யார் அவர்கள்? டாக்டருக்கு இதில் ஒன்றும் இல்லை. சுந்தரிக்கு இருக்கிறது. மகள் இளவேனிலுக்கு ஐப்பசியில் வளைகாப்பு. அதன்பின் பிரசவம் வரை அவள் இங்கேதான். அவளுக்கென்று ஒழிக்க வேண்டிய அறையில்தான் முசே படுக்கிறான்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. மீன் சட்டி பரணுக்குப் போயிற்று. முசேக்கும் இன்று முதல் தயிர்சாதம். இந்த வீட்டில் யார் வயிறானாலும் புரட்டாசி புரட்டாசிதான். குட்டியாக வந்த வருஷத்திலிருந்து அவனும் எங்களோடு விரதம் இருக்கிறவன். அவனைக் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்குப் போன, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா குடும்பம் நாளெல்லாம் கறியும் மீனுமாகப் போட்டு, 'முசே, முசே' என்று துரையை அழைப்பதுபோல் அழைத்து வளர்த்திருந்தது. பேரை மட்டும் விட்டுவைத்தேன். பழக்கத்தை மாற்றிவிட்டேன்.

தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் அஜீசுன்னிசா மீன் வறுக்கிற வாசனை வந்தது. அவளுக்கு ஏது புரட்டாசி.

செப்டம்பர் 20, சனி

காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. நான்தான் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுபோனேன். ஆனால் சாயங்காலம் தானாக எழுந்து வாசல் கேட் வரை வந்து, வண்டிக்காரன் ஒருவனைப் பார்த்துக் குரைத்தான்! நேற்றும் இப்படித்தான்.

புற்றுநோய்க்குச் சாயங்காலம் விடுமுறையா? படத்தைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார் டாக்டர். எந்த நாயின் படமோ.

சுந்தரி பெருமாளுக்கு மாவிளக்குப் போட்டாள். "பைரவர் வாகனத்தைக் கொல்லச் சொல்லிட்டு விளக்கு வேறயா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். நாங்கள் கேஸில் சமைக்கிறோம் என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவன் வாயில் மீன் வாடை.

சாயங்காலம் முகத்தை என் மடியில் வைத்தபோது பிடித்துவிட்டேன். மத்தி. சந்தேகமே இல்லை. புரட்டாசி மாதத்தில், மீன் சட்டி பரணில் இருக்கும் வீட்டில், தயிர்சாதம் தின்கிற நாய் வாயில் மத்தி.

நாய்க்கு விஷம் வைக்கிறவர்கள் எதில் வைப்பார்கள்? மீனில்தான்.

கொல்லை மதிலில் தண்ணீர் போக விட்ட ஓட்டை உடைந்து பெரிதாகிக் கிடக்கிறது. போன வருஷம் அது வழியாகத்தான் முசே போய் அஜீசுன்னிசாவின் கோழிகளைப் பிடித்தான். ஒன்றல்ல, மூன்று. அன்றைக்கு அவள் தெருவில் நின்று பேசிய பேச்சு! "இந்த நாய்க்கு ஒரு நாள் முடிவு வரும்" என்றாளே. கோபத்தில் சொன்னது என்று அப்போது விட்டுவிட்டேன்.

வயலுக்கு வாங்கிய எலி மருந்தை எடுத்துப் பார்த்தேன். கட்டுப் பிரிக்கவில்லை. இருந்தாலும் இடம் மாற்றி வைத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

மதிலோட்டையை அடைக்கச் செங்கல் இறக்கியாயிற்று. கொத்தனார் வரவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

சுந்தரி மகளோடு போனில். நான் கூடத்துக்குள் நுழைந்ததும் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் காதில் விழுந்தது இதுதான்: "சரிடி. அது போனதுக்கப்புறமே வெள்ளையடிச்சுக்கலாம்."

அது போனதுக்கப்புறம்! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். வெளியூர்ப் பஸ் போன மாதிரி.

என் மகளுமா? பள்ளிக்கூட நாளில் அவன் தட்டில் கைவிட்டுச் சாப்பிட்டவள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேரடியாகவே கேட்டேன். "முசேக்கு மீன் யாரு குடுக்கறா?"

"புரட்டாசியில மீனா? உங்க மூக்குக்கும் வயசாயிடுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முருங்கைக்கீரையைத் திருப்பித் திருப்பி ஒரே காம்பை உருவிக்கொண்டிருந்தாள். டிக்கெட் இல்லாதவன் சட்டைப்பையையே திரும்பத் திரும்பத் துழாவுவான், அப்படி.

சாயங்காலம் முசே வாலாட்டினான். மறுபடி மத்தி. விஷமாக இருந்தால் இத்தனை நாள் தாங்குவானா? கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் தாங்கலாம். என் தலையே சுற்றுகிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

சாப்பிட்டதும் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தேன். தூங்குவதுபோல் நடிப்பது எப்படி என்று எனக்கா தெரியாது? சுந்தரி வந்து பார்த்தாள். குறட்டை விட்டேன். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் முசே நொண்டிக்கொண்டே மதிலோட்டைக்குப் போனான். அங்கே போய் உட்கார்ந்து காத்திருந்தான். ஓட்டை வழியாக வளையல் போட்ட கை ஒன்று வந்தது.

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். வயதுக்குத் தகுந்த காரியம் இல்லைதான். கையில் அவித்த மத்தி. வயிற்றைக் கீறி உள்ளே வெள்ளையாக ஒரு மாத்திரை. "விஷம் வெக்கிறியா!" என்று நான் கத்திய கத்தலில் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

"அண்ணே, கைய வுடுங்க! அல்லா மேல சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. அக்கா குடுத்த வலி மாத்திரை. தயிர்சோத்துல வெச்சா துப்பிருதாம். மீனுக்குள்ள வெச்சாத்தான் முழுங்குது. ஒங்க வூட்டுல இந்த மாசம் மீன் புழங்க மாட்டீங்க. அதான் என்கிட்ட குடுத்து வெச்சாங்க."

"உன் கோழியப் புடிச்ச நாய்க்கா?"

"கோழியப் புடிச்சுச்சு, வாஸ்தவந்தான். அதுக்காக வலியில கெடக்கட்டும்னு வுட முடியுமா?"

திரும்பினால் சுந்தரி நிற்கிறாள். பயந்த மாதிரியே இல்லை. பல நாளாகத் தேக்கி வைத்தது எல்லாம் வந்தது.

"ஆமா, நாந்தான் டாக்டர்கிட்ட வேற மாத்திரை வாங்கினேன். ஆடியிலயே போன்ல கேட்டதும் நாந்தான். சொன்னா நம்பியிருப்பீங்களா? நீங்க குடுத்த அன்னிக்குப் பகல்ல அது மயங்கிக் கெடக்கலங்க. தூங்குச்சு. எத்தனை நாளாவோ தூங்காத உசுரு. விரதம் உங்களுக்கும் எனக்கும். அது எந்தப் பெருமாளுக்கு என்ன வேண்டிக்கிச்சு?"

அஜீசுன்னிசாவின் கையிலிருந்த மீனை முசே எட்டி வாங்கிக்கொண்டான். எங்கள் சண்டையைப் பற்றி அவனுக்கு அக்கறை இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டிக்கெட்டில் துளை போடும் என் பழைய பஞ்சுக்கும் அரிவாள்மனைக்கும் சுந்தரி சந்தனப் பொட்டு வைத்தாள். முசேயின் சங்கிலிக்கும் வைத்தாள்.

மாத்திரை என்கிறார்கள். சரி. அது வலிக்குத்தான் என்று எப்படி நிச்சயம்? நாளைக்கு ஒரு நாள் நிறுத்திப் பார்க்கப் போகிறேன். இல்லாமலும் அவன் சாயங்காலம் நடந்தால், டாக்டர், சுந்தரி, அஜீசுன்னிசா எல்லோரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னேன். சுந்தரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாருங்க. நீங்களே பாருங்க" என்றாள்.

அக்டோபர் 2, வியாழன்

பார்த்தேன்.

காலையில் எழவில்லை. மதியம் எழவில்லை. மதிலோட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கை வரவில்லை. நான்தான் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. சாயங்காலம் ஆகும், எழுவான், எழுந்துவிடுவான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூச்சு விடும்போது மட்டும் உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம்.

முசே, எழுந்திரிடா, கேட் வரைக்கும் வாடா... தூக்கிவிடக் காலைத் தொட்டேன். என் கையைக் கவ்வினான்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. பல் பட்டது, பதியவில்லை. வாய் அப்படியே என் கைமேல் நின்றுவிட்டது. என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியாத மாதிரி. பிறகு அந்த இடத்தையே நக்க ஆரம்பித்தான்.

நான் கண்ட நல்ல சாயங்காலங்கள் எல்லாம் அந்த மாத்திரை கொடுத்தவை. அதை வைத்துக்கொண்டு டாக்டரைப் பொய்யன் என்றேன்.

நானே பீரோவைத் திறந்தேன். நானே மதிலோட்டையில் குனிந்து, "அம்மா அஜீசு, மீன் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. எடுத்து வைத்திருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

டாக்டருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வீட்டுக்கு வரேன் சார்" என்றார். எப்படிச் செய்வீர்கள், எத்தனை ஊசி, நடுவில் முழித்துக்கொண்டால் என்ன என்று துருவித் துருவிக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். முதலில் மயக்க ஊசி. அதில் நன்றாகத் தூங்கியபிறகுதான் மற்றது. எல்லாம் சொல்லித் தெரிந்தபின்னும் போனை வைக்க மனம் வரவில்லை.

கருக்களாச்சேரி செல்லம்மா மீன் கூடையோடு தெருவுக்கு வந்தபோது நான்தான் நிறுத்தினேன். "என்ன சார், விடிஞ்சா புரட்டாசி சனி, மறந்துட்டீங்களா?" என்றாள். மறக்கவில்லை என்றேன். நல்ல சங்கராவாகப் பார்த்து எடுத்தேன். சுந்தரி பரணிலிருந்து சட்டியை இறக்கிக் கொடுத்தாள்.

அக்டோபர் 4, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

சங்கராவை முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். முழுவதும் தின்றான். தட்டை நக்கி நகர்த்தி நகர்த்திச் சுவரோரம் வரை கொண்டுபோனான். ஊசி போட்டதும் அந்த அறையிலேயே, அவன் சாக்கின் மேலேயே.

டாக்டர் மருந்தை எடுத்ததும், "கொஞ்சம் காட்டுங்க" என்றேன். சுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் குப்பியை என்னிடம் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரும் தேதியும் படிக்கப் பார்த்தேன். எழுத்து எல்லாம் கலங்கிக் கிடந்தது. படித்த மாதிரி தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

தலை என் மடியில். மயக்க ஊசி போட்டதும் பெருமூச்சு ஒன்று விட்டான். உதறல் நின்றது. தூங்குகிறானா, நடிக்கிறானா என்று எனக்குத் தெரியும். தூங்கினான். ரெண்டாவது ஊசிக்கு நான் அவன் காதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "போயிட்டான் சார்" என்றார். இருந்தாலும் நானும் கை வைத்துப் பார்த்தேன்.

கொல்லையில் மதிலோரம் குழி. உப்புப் போட்டு மூடினோம். நாய் நரி தோண்டாமல் இருக்க மேலே பரப்பக் கல் வேண்டும். ஓட்டை அடைக்க வாங்கிய செங்கல் பக்கத்திலேயே அடுக்கியிருந்தது.

"சனிப்பொணம் தனிப்போகாதும்பாங்களே, துணைக்கு ஒரு கோழியாவது..." என்று சுந்தரி இழுத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்க வூட்டுக் கோழி மூணு அதுக்கு முன்னாடியே போயிருக்கேக்கா. போதாதா?" என்றாள் அஜீசுன்னிசா.

சுந்தரி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. பால் எப்படி இருந்தது என்று கவனிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

அவன் தட்டைக் காணோம். சுந்தரி ஒளித்துவிட்டாள் என்று நினைத்துச் சத்தம் போட்டேன். என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. வைத்தது நான்தான் என்கிறாள். இருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு நினைப்பு அரிக்கிறது. கடைசி நாளில் அவ்வளவு சோற்றையும் தின்றானே. பசி இருந்தது என்றால் இன்னும் இருந்திருப்பானோ? நான்தான் அவசரப்பட்டேனா? இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். இப்போது மிச்சம் இருப்பது நான்தான்.

பொறுக்க முடியாமல் டாக்டருக்குப் போன் போட்டேன். "சோத்தைத் துப்புற நாளு வரைக்கும் விட்டிருந்தா, அத உங்களால தாங்கிப் பாத்திருக்க முடியாது சார்" என்றார். நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. வியாழக்கிழமையைப் பார்த்தவன்தானே நான்.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்தது. சட்டி மறுபடி அடுப்பில். மீனைக் கழுவி, தலையைத் தனியாக ஒதுக்கி வைத்தாள் சுந்தரி, அவனுக்கு வைக்கிற அதே மூடியில். வைத்தபிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை. பூனை எடுத்துக்கொண்டு போயிற்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முதல் வெடிச் சத்தத்துக்குக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

நவம்பர் 3, திங்கள்

நேற்று வளைகாப்பு முடித்து இன்று இளவேனிலை அழைத்து வந்தோம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போய்ச் செங்கல் பக்கத்தில் நின்றாள். உட்கார முடியாத வயிறு. வளையல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறைக்குள் வந்ததும் சுவரைப் பார்த்து, "என்னப்பா, இன்னும் வெள்ளையடிக்கலயா?" என்றாள். "முசே இருக்கிறவரைக்கும் அடிக்க வேணாம்னு சொன்னேன். சுண்ணாம்பு வாடை அதுக்கு ஆகாது, எடமும் மாத்தக்கூடாது, பாவம்னு. அம்மாவும் சரின்னாங்க. இப்ப அடிச்சுக்கலாமில்ல?"

அதுதான் அந்தப் போன்.

அடிக்கலாம் என்றேன். சாக்கு கிடந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

நவம்பர் 6, வியாழன்

கொத்தனார் இன்றைக்குத்தான் வந்து நிற்கிறார், மதிலோட்டை எங்கே என்று. கல் இல்லை என்று அனுப்பிவிட்டேன். கேட்டிருந்தால் தெருமுனைக் கடையில் கிடைத்திருக்கும்.

மத்தியானம் படுக்கப் போகும் நேரத்தில், அதே ஓட்டை வழியாக அதே வளையல் கை. மூடி போட்ட கிண்ணம். "அண்ணே, மீன் ஆணம். புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்திருக்காமே. ஒங்களுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கேன்."

குழம்பை இளவேனிலுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை நானும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சுந்தரி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள்.

கை கழுவும்போதுதான் புரிந்தது. முகர்ந்து பார்க்காமலே சாப்பிட்டிருக்கிறேன்.